சேர்மனின் மூக்கு

"வாயைத் திற."

கெம்பபாஸி திறந்தாள். அவள் புருஷன் சேர்மன் பரிக்யே அவள் மோவாயை உள்ளங்கையில் ஏந்தி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மூன்று தடவை மோந்தார். ஊர்த் தலைவர் ஆனதிலிருந்து எதையும் மூன்று தடவை செய்யாவிட்டால் அவருக்குத் திருப்தி வருவதில்லை.

"பால் வாடை அடிக்குது."

"சத்தியமா இல்லைங்க. கறுப்பு டீயும் வேகவச்ச வாழைக்காயும்தான்."

"அப்ப என் மூக்கு பொய் சொல்லுதா?"

அவர் மூக்கு பொய் சொன்னதாக அந்த மலைப்பக்கம் எவனும் சொன்னது கிடையாது. குடுவையைத் திறக்காமலே உள்ளே இருப்பது எந்த மாட்டுப் பால் என்று சொல்லிவிடுகிற மூக்கு. குடித்தவள் குடித்ததைக் காட்டலாம். குடிக்காதவள் எதைக் காட்டுவாள்?

ஐந்து மாதப் பிள்ளை அயினேவுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. முலை குடித்ததும் கக்கல். பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் நபாசாவுக்குச் சந்தேகம். "நீ சாப்பிடுறதுதான் உன் தாய்ப்பால்ல இறங்கும். நாலு வாரம் பால், தயிர், நெய் எதையும் வாயில வைக்காதே. அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நாற்பது நீளக்கொம்பு மாடுகள் நிற்கிற வீடு. தண்ணீர் கேட்டு வந்தவனுக்கும் பாலை நீட்டுகிற ஊர். அங்கே கெம்பபாஸி பல்லைக் கடித்துக்கொண்டு பாலை நிறுத்தினாள். ஒரே வாரத்தில் கக்கல் நின்றது. தடிப்பு மட்டும் போகவில்லை. பிள்ளை அரிப்பில் அழுதான். அவனைப் பார்த்து அவள் அழுதாள்.

சேர்மன் சும்மா இருப்பாரா? சமையல்கட்டுக் கதவில் மூன்று அம்சக் கட்டளை ஒட்டி, அடியில் ஊர்த் தலைவர் முத்திரையும் குத்தினார். பால் குடுவைகளையெல்லாம் ஓர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளை விஷயத்திலும் அவளை நம்பவில்லை. காலையில் குளிப்பாட்டி முடித்ததும் அவரே மடியில் கிடத்தி, உச்சி முதல் உள்ளங்கால் வரை மினுமினுக்கத் தடவிவிட்டுத்தான் தன் காப்பி டம்ளரைத் தொடுவார்.

போன வாரம் தலைவர்கள் பயிற்சி என்று மூன்று நாள் ம்பராரா டவுனுக்குப் போனார். தடிப்பு பாதி அடங்கிவிட்டது. திரும்பி வந்து, "பாத்தியா, நான் போட்ட சட்டம்!" என்று மீசையைத் தடவினார். இரண்டே நாளில் மறுபடி சிவந்தது. "பாத்தியா, நீ மீறின சட்டம்!" என்றார்.

"கிளம்பு. சிஸ்டர்கிட்ட போறோம்" என்றார் இப்போது, ஒரு கடிதத்தை மடித்தபடி. "உன் பால் பிள்ளைக்கு ஆகலைன்னு அவங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். பையன் ம்பராராவுல என் அக்கா வீட்டுல பால் கலக்காத டப்பா மாவு குடிச்சு வளரட்டும்."

"என் பிள்ளைய என்கிட்டேருந்து பிரிக்காதீங்க..."

"நாக்கை அடக்க முடியாதவளுக்குப் பிள்ளை எதுக்கு?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் பெண்கள். "என்ன சேர்மன், பால் திருடி அகப்பட்டாச்சா?" என்றாள் ஒருத்தி. வரிசை சிரித்தது. கெம்பபாஸி பிள்ளையின் முகத்துக்குப் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் நபாசா கடிதத்தைப் படித்தார். முத்திரை மூன்று இடத்தில் இருந்தது.

"கக்கல் இருக்கா?"

"நின்னுடுச்சு சிஸ்டர்" என்றாள் கெம்பபாஸி.

"அப்ப இவ பத்தியம் இருக்கத்தான் செய்றா, சேர்மன். வேற யாராவது பிள்ளைக்குப் பால் புகட்டுறாங்களா?"

"என் காவலை மீறியா? ஈ நுழையாது!"

சிஸ்டர் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். அயினே வழுக்கிக்கொண்டு போனான். இறுக்கிப் பிடித்து மடியில் உட்கார வைத்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பிள்ளைக்குக் காலையில என்ன தடவினீங்க?"

கேள்வி சேர்மனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று தடவை தொண்டையைச் செருமினார். வராந்தாவுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அது முழுக்க என் இலாகா சிஸ்டர். இவளைக் கிட்டவே விடமாட்டேன். தடிப்பு இருக்கிற இடத்துல ரெண்டு பங்கு, தேய்ச்சுத் தேய்ச்சு. ஊர்ல எல்லாரும் தடவுறதுதான், ஆனா அதெல்லாம் ஒரு சரக்கா? என்னோடது முதல் தரம். நம்ம செவலைப் பசு பிஹோகோ இருக்கே, அதைக் கறந்து, நானே நின்னு கடைய வச்ச பச்சை வெண்ணெ..."

சொல் பாதியில் நின்றது. சேர்மனின் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

கெம்பபாஸி எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கையை நீட்டுங்க. மோந்து பாக்கணும்."