ரப்பரின் முறை

ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸ் தினமும் ரப்பரைக் குத்தும். கேட்டால், "சும்மா விளையாட்டுக்கு" என்று சிரிக்கும். ரப்பருக்கு உடம்பெல்லாம் ஓட்டை. ஆனாலும் வாய் திறக்காது.

புதிதாக வந்த பென்சிலுக்கு இந்த விளையாட்டு பிடிபடவே இல்லை. மூன்று நாள் உற்று உற்றுப் பார்த்தது. நாலாம் நாள் கேட்டேவிட்டது.

"அண்ணே, ஒரு சந்தேகம். விளையாட்டுன்னா மாத்தி மாத்தித்தானே ஆடுவாங்க? ரப்பரோட முறை எப்ப வரும்?"

"அதுக்குத்தான் முனையே கிடையாதேடா! எப்படிக் குத்தும்?" என்றது காம்பஸ்.

"ஓ, முனைதான் குறையா?" பென்சில் உருண்டு போய் ரப்பரை ஒட்டிப் படுத்துக்கொண்டது. "எனக்கு இருக்குண்ணே. காலைலதான் சீவினாங்க. ரப்பருக்காக நான் ஆடட்டுமா?"

ஏனோ காம்பஸுக்கு அன்றைக்கு விளையாடவே மனசு வரவில்லை.