கப்பலுக்குப் போன மொய்க் கவர்

"கொடுத்தது பத்தலைன்னு திரும்ப வந்து கதவைத் தட்டிக் கேக்குற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் மகா. விடக் கூடாது இவளை."

திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டிக்காக நிற்கிற நேரத்தில் நல்லுசாமி செல்போனில் புகார் எழுதிக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி ஏறிய கோபம், காலையில் சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கிய பிறகும் இறங்கவில்லை.

மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் கணவனும் மனைவியுமாகச் சொகுசுக் கப்பலில் மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறார்கள். பயணம் எப்படி இருந்தது என்று கப்பல் கம்பெனி மெசேஜில் கேட்டிருந்தது. அதற்குத்தான் இந்தப் பதில்.

அவர்கள் அறையைப் பார்த்துக்கொண்டவள் மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண். துண்டையே யானையாகவும் குரங்காகவும் மடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். மகாலட்சுமிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

'கிளம்பும்போது அறையைப் பார்த்துக்கிறவங்களுக்கு டிப்ஸ் கொடுங்கப்பா, டாலராக் கொடுங்க' என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நல்லுசாமிக்கு டாலரை எடுக்க மனசு வரவில்லை. முகப்பில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய மொய்க் கவர் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து, கல்யாண வீட்டுப் பழக்கத்தில் 'நல்லுசாமி - மகாலட்சுமி, ஸ்ரீரங்கம்' என்று மேலே எழுதியும் கொடுத்துவிட்டார்.

"நம்ம ரூபாயை அந்தப் பொண்ணு எங்கங்க மாத்தும்?" என்று அப்போதே கேட்டாள் மகாலட்சுமி.

"அதெல்லாம் மாத்திக்குவா. கப்பல் ஊர் ஊராத்தானே போகுது?"

அன்று ராத்திரியே மாரிசெல் மறுபடி வந்து நின்றாள். "இன்னும் இந்தியப் பணம் இருக்கிறதா சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அடுத்த வார்த்தை பேச விடாமல் நல்லுசாமி "நோ" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"அவ கையில டாலர் நோட்டு இருந்துச்சுங்க. பார்த்தீங்களா?" என்று இப்போது பெட்டி வருகிற வழியைப் பார்த்தபடியே கேட்டாள் மகாலட்சுமி.

"பார்த்தேன், பார்த்தேன். மத்த ரூம்ல வசூல் பண்ணினதா இருக்கும்."

"பேரெல்லாம் போடாதீங்க. வேலை போயிடும். ரெண்டு குழந்தைங்க இருக்குன்னு சொன்னா."

"போகட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

"சரி, வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சாப்பிட்டுட்டு அனுப்புங்க. அந்தக் கம்பெனி எங்க ஓடிடப் போகுது?"

நல்ல வேளையாகப் பெட்டியும் வந்தது. நல்லுசாமி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே டாக்ஸி கவுன்டரில் அவர்களுக்கு முன்னால் ஓர் இளைஞன். துறையூருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, தோள் பையிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்தான். கவர் மேல் நல்லுசாமியின் கோணல் எழுத்து!

"தம்பி, இது என் கவராச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அவன் கவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஸ்ரீரங்கத்து ஐயா நீங்கதானா? நான் சித்தார்த்தனுங்க. நீங்க வந்த கப்பல்லதான் கீழ்த்தளத்துல துணி துவைக்கிற வேலை. நேத்து அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு தகவல் வந்துச்சு. கம்பெனியே பிளைட் டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டாங்க. ஆனா கையில காசில்லை. சம்பளம் நேரா வீட்டுக்குப் போயிடும். பயணிங்களையே பார்க்காத எங்களுக்கு டிப்ஸும் கிடையாது. ரீசார்ஜ் பண்ணாம இந்திய சிம்மும் கட் ஆயிடுச்சு."

"சரி, இந்தக் கவர்?"

"மாரிசெல் அக்கா கொடுத்தாங்க. அப்படியே கவரோட கொடுத்துட்டாங்க. அதுவும் பத்தாதுன்னு, இந்தியாக்காரங்க ரூமாப் பார்த்துப் போய், தன்னோட டாலரைக் கொடுத்து ரூபாயா வாங்கிட்டு வந்தாங்க. 'டாலராக் கொடுத்தா நீ மாத்த அலைவே, இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னாங்க."

மகாலட்சுமி கணவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நல்லுசாமி அவசர அவசரமாகப் போனை எடுத்தார். எழுதியதை எல்லாம் அழித்தார். அழிந்துவிட்டதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டார்.

"அப்பாடா! அனுப்பித் தொலைச்சிருந்தா அந்தப் பொண்ணு கதி என்ன ஆகியிருக்கும் மகா?"

அதே இடத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் தட்டினார். மாரிசெல் என்ற பெயரை மகாலட்சுமி எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அனுப்பி முடித்ததும் போனை இளைஞனிடம் நீட்டினார்.

"மொதல்ல வீட்டுக்குப் பேசுங்க தம்பி."

பேசி முடிக்கும்போது சித்தார்த்தன் அழுதுகொண்டே சிரித்தான். "ஆபத்து இல்லையாம் ஐயா. கண் முழிச்சுக் கஞ்சி குடிச்சாராம்."

"அப்புறமென்ன? எங்க வண்டியிலேயே வாங்க. எங்களை ஸ்ரீரங்கத்துல விட்டுட்டு அப்படியே உங்களைத் துறையூர்ல விடட்டும். வண்டிக் காசு என்னோடது. அந்தக் கவரை உள்ள வைங்க, ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும்."

அப்போதுதான் கவரை நன்றாகப் பார்த்தார். முகப்பில் காசு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

"ஒத்த ரூபாயைக்கூடச் செலவு பண்ணிட்டீங்களா?" என்று சிரித்தார்.

"இல்லைங்க ஐயா. அதை மட்டும் அக்கா பிச்சு எடுத்துப் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க. பெரியவங்க மனசார வாழ்த்திக் கொடுக்கிறதுன்னு நான்தான் சொன்னேன்."