இறங்கலாமா, கேப்டன்?

விமானத்தைக் கிளப்புவதும் இறக்குவதும் இயந்திரம்தான். கேப்டன் ரெஜினாவுக்கு மிஞ்சியது ஒரே வேலை. தரையை நெருங்கும்போது, "ஓடுபாதை தெரிகிறது. இறங்கலாமா, கேப்டன்?" என்று அது கேட்கும். அவள் வெளியே பார்த்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். மனிதர் ஒருவர் வாயால் அதைச் சொன்னால்தான் சக்கரம் தரையைத் தொடலாம் என்பது சட்டம்.

ஆரம்பத்தில் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். வருஷங்கள் போகப் போகப் பார்ப்பது நின்றுபோய், சொல்வது மட்டும் தங்கிவிட்டது.

அன்று காலை ஓசூரில் மார்கழிப் பனி. பயணிகள் எல்லோரும் பெல்ட் போட்டாகிவிட்டது என்று சொல்ல வந்த பணியாளர் சகாயம், கண்ணாடியைப் பார்த்துத் தயங்கினான்.

"மேடம், வெளிய ஒண்ணுமே தெரியலையே?"

"நமக்கு எதுக்கு சகாயம் தெரியணும்? அதுக்குத் தெரியும். நீ போய் உட்காரு."

அவன் போனதும் குனிந்து, சீட்டுக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்த ஷூவைத் துழாவினாள். அதே பணிவான குரல் கேட்டது.

"ஓடுபாதை தெரியவில்லை. இறங்கலாமா, கேப்டன்?"

"சரி."

ஷூ கையில் அகப்பட்ட பிறகுதான் அது என்ன சொன்னது என்பது அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, வேண்டாம்! மேல ஏத்து, மேல ஏத்து!"

"உங்கள் அனுமதி பதிவாகிவிட்டது. நன்றி, கேப்டன்," என்றது அது, தினமும் சொல்வதுபோலவே.

பனி விலகியது. கண்ணாடி நிறைய மொட்டைமாடிகள். ஒன்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள்.