ஹஜ்ஜுக்குக் கேட்ட மன்னிப்பு

மசூர் ஐந்து மணிக்கு எழும்பினான். சுபஹு தொழுதான். கிணற்றில் ஆறு வாளி அள்ளிக் குளித்தான். பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றான். சைக்கிளை எடுத்தான்.

கணித ஆசிரியன். இன்றைக்குப் படிப்பிக்கப் போகவில்லை. பாடமாக உட்காரப் போகிறான்.

பல்கலைக்கழகத்திலிருந்து களப்பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்கள் இருபது பேர் கல்முனையில் ஒரு மண்டபத்தில் கூடியிருந்தார்கள். சாகப்போகும் நோயாளிக்கு உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று விவாதம். விரிவுரையாளர் டொக்டர் செல்லத்தங்கம், மார்க்கத்துக்கு ஸைனுலாப்தீன் மௌலவியையும் அனுபவத்துக்கு மசூரையும் அழைத்திருந்தார்.

மசூர் சுருக்கமாகச் சொன்னான். போன வருஷம், எண்பத்தொன்றில், மனைவி றுகையாவுக்கு வயிற்றில் புற்று. மூன்று மாதம்தான் என்று டொக்டர் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆனால் மௌத்தாகுமுன், கண் மூடுமுன், அவள் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டுமே. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பதுதான் ஊர் வழக்கம். எனவே இரண்டு பேருக்கும் ஹஜ்ஜுக்குப் பதிந்துவிட்டதாகப் பொய் சொன்னான். பிளேனில் ஜன்னல் பக்கம் கேளுங்க என்றாள் றுகையா. முக்காட்டைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். ஏழு வருஷம் முகம் பார்க்காத மச்சி ஹவ்வா உம்மாகூட அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஹஜ்ஜுக்கென்று பெட்டியையும் அடுக்கி வைத்துவிட்டு, மூன்றாம் மாதம் றுகையா மௌத்தானாள்.

அது நோயாளியின் உரிமையைக் களவெடுத்த வேலை என்றான் ஒரு மாணவன். பெட்டி அடுக்கிய சந்தோஷத்திலாவது அவள் இருந்தாளே என்றாள் ஒருத்தி. அந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் அடுக்குவதா, பின் அடுக்குவதா என்று அவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். செல்லத்தங்கம் கரும்பலகையில் ‘உரிமை’ என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

மௌலவி தாடியைத் தடவினார். பொய்யை அல்லாஹ் மன்னிக்கலாம், அது அவன் நாட்டம் என்றார். மனிசருக்குச் செய்த பிழையை மனிசர்தான் மன்னிக்க வேண்டும்.

“அதுலதான் சிக்கல், மாஸ்டர். ஹஜ்ஜுக்குப் போறவங்கள மன்னிக்கமாட்டன் எண்டு ஆரு சொல்லுவாங்க? திரும்பி வந்தா பேரீத்தம்பழம் வரும், ஸம்ஸம் தண்ணி வரும். மௌத்தாகப் போறா எண்டு தெரிஞ்சா, மனசுல கிடந்ததையெல்லாம் கதைச்சுத் தீர்த்து மறுகா மன்னிச்சிருப்பாங்க.”

“அப்ப அந்த மன்னிப்பெல்லாம் செல்லாதா, மௌலவி?”

மௌலவி முகட்டைப் பார்த்தார். “ஏமாத்தி வாங்கினது...” என்று இழுத்தார்.

இந்த ஒன்றைக் கேட்கத்தான் மசூர் வந்திருந்தான். அவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமா என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வாங்கில் இருந்த நதீரா எழும்பினாள். மாணவிகளில் அவள் ஒருத்திதான் மசூரின் தெரு. இவ்வளவு நேரமும் குனிந்த தலை நிமிரவில்லை.

இதைக் கதைக்கக் கூடாது, தெருவே வாக்குக் கொடுத்திருக்கிறது என்றாள். பரவாயில்லை, சொல் என்றார் செல்லத்தங்கம்.

“மாஸ்டர், றுகையா ராத்தா எங்கட வீட்டுக்குத்தான் கடைசியா வந்தா. எல்லா வீட்டயும் சொன்னதத்தான் எங்கட உம்மாட்டயும் சொன்னா.”

“என்ன சொன்னா?”

நதீரா மௌலவியைப் பார்த்தாள். பிறகு மசூரைப் பார்த்தாள்.

“‘நான் மௌத்தாகப் போறன், மன்னிச்சிக்கங்க. அவர் கேட்டா ஹஜ் எண்டே சொல்லுங்க. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சித்தான் மனிசன் சோறு தின்னுது.’”