டாக்டர் தம்பி

"எங்க வலிக்குதுங்க ஐயா?"

கட்டிலில் படுத்திருந்தவர் நெஞ்சின் நடுவில் கையை வைத்தார். "இங்கதாம்மா. தீயா எரியுது."

வெள்ளைக் கோட்டுப் போட்ட பொண்ணு குனிந்து பார்த்தாள். கோட்டு புதுசு, மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் அவளைப் பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தார். அந்த மனுஷன் அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் குரல் நடுங்காது? அவளுக்கும் நடுங்கியது.

கட்டிலில் கிடந்த இவருக்கு அவளை ஏற்கெனவே தெரியும். போன தடவையும் இதே கட்டில், இதே பொண்ணு. அன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் கோட்டை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே நின்று அழுதாள். எதற்கும் அசையாத இவருக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் விட்டால் அவ்வளவுதான் என்பது அவளுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

அதற்காக இவராக வாயைத் திறந்து எதையும் சொல்லிவிட மாட்டார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். வீட்டிலும் இதே கதைதான். காலையில் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையெல்லாம் தண்ணீர். "கண்ணு எங்க இருக்கு?" என்று மனைவி கேட்டாள். கண்ணைப் பற்றித்தானே கேட்டாள்? பேசாமல் துடைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

"எப்ப அதிகமா எரியுது?"

"சாப்பிட்டுப் படுத்தா. வாயெல்லாம் புளிச்சுக்கிட்டு வரும்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லாரி ஓட்டறேன்ம்மா."

சொல்லும்போது முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சின்ன வயதில் டாக்டராகப்போகிறேன் என்று வீட்டை இரண்டாக்கியவர் இவர். ஊசி போட்டுப் போட்டே தலையணைகளைப் பஞ்சு பஞ்சாக்கினார். அக்காவைக் கட்டிலில் கிடத்தி, நாக்கை நீட்டு, மூச்சை இழு, இருமு என்று உயிரை வாங்குவார். "எப்பப் பாரு நானேதான் நோயாளியா? ஒரு நாளாவது நீ படுடா" என்று அவள் சிணுங்குவாள். ஆனாலும் 'டாக்டர் தம்பி' என்று பேர் வைத்தது அவள்தான். இன்றைக்கும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கேலியெல்லாம் இல்லை, பழக்கதோஷம்.

ஆசைப்பட்டால் ஆச்சா, மார்க் வர வேண்டாமா? வரவில்லை. மருந்துக்கடையில் நின்றார், லேபுக்கு ரத்தக் குப்பிகள் சுமந்தார், எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இந்தக் கட்டிலில் வந்து விழுந்தார். முன்பெல்லாம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வயிறு எரியும். இப்போது அதுவும் கிடையாது. கோட்டு டாக்டர் மேல் இருந்தாலும் ஆணியில் தொங்கினாலும் அவருக்கு ஒன்றுதான்.

பொண்ணு மனப்பாடம் பண்ணியதை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை? இல்லை. பிரஷர்? இல்லை. சிகரெட்? அதுவும் இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"சரிங்க ஐயா, சட்டையைப் போட்டுக்குங்க."

பெரிய டாக்டர் பக்கம் திரும்பி, பதில் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றாள்.

"ஐயா, ஒரு கையாலேயே பட்டன் போடறீங்களே. இடது கைக்கு என்ன?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். ஆனால் கேட்டுவிட்டாளே.

"காலையிலேர்ந்து மரத்துப்போய்க் கிடக்குதும்மா. தோள்லேர்ந்து விரல் வரைக்கும்."

"சார்," என்றாள் அவள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "இது வயிறு இல்ல, ஹார்ட். உடனே ஈ.சி.ஜி. எடுக்கணும்."

வெளியே மணி அடித்தது. பெரிய டாக்டர் பேனாவை மூடினார்.

"போச்சு. இந்தத் தடவையும் ஃபெயில். இது அசிடிட்டி கேஸ்ம்மா."

அது பரீட்சை அறை. சொல்லிக்கொடுத்த வியாதியை மருத்துவ மாணவர்கள் முன்னால் நடித்துக் காட்டுவதுதான் கட்டிலில் இருப்பவருடைய வேலை. இன்றைக்கு அவருக்குக் கொடுத்த வேஷம், நெஞ்செரிச்சல் உள்ள லாரி டிரைவர். அந்த அறையில் மூன்று பேருக்குமே இது தெரியும். உங்களிடம்தான் நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

"கை மரத்துப்போச்சுன்னு அவர்தானே சார் சொன்னாரு?" பொண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெரிய டாக்டருக்கும் அதுதான் புரியவில்லை. கட்டில் பக்கம் திரும்பினார். "என்னங்க இது? சொல்லிக்குடுக்காததைக் கேட்டா இல்லைன்னு சொல்லணும்கிறதுதானே ஏற்பாடு? இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல. பாவம், அந்தப் பொண்ணு ஃபெயிலாகி நிக்குது. இன்னைக்கு நாங்க சொன்னதுல கை எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நெஞ்சுதான் சார் நீங்க சொல்லிக்குடுத்தது. கை என்னோடது."