வெள்ளைக்கு அடியில்

"ஏன்னா, சீக்கிரம் வாங்கோ! இவன் நம்ம ஜன்னலைச் சுடப் போறான்!"

ஷ்யாமளா போட்ட கூச்சலில் சங்கரன் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஹாலுக்கு ஓடி வந்தார். கீழ் ஃப்ளாட் பையன் ஷ்ரவண், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஜன்னல் சட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை.

"சுடல மாமி. பெயிண்ட்ல ஈயம் இருக்கான்னு பாக்கறேன். நம்ம பில்டிங் ரொம்பப் பழசு. கொழந்தை வரப்போற வீடு, பாத்துடறது நல்லதில்லையா?"

மகன் சாய்நாத்தின் மனைவி ஷ்ருதி பிரசவத்துக்குச் செம்பூரில் அம்மா வீட்டில் இருந்தாள். பேரனோ பேத்தியோ, அது இந்த மாட்டுங்கா வீட்டுக்கு வந்து சேருவதற்குள் இங்கே ஒரு குறையும் இருக்கக் கூடாது. ஷ்யாமளாவுக்கு ராப்பகலாக அதே நினைப்புத்தான்.

கருவி 'பீப்' என்றது.

"மேல் பூச்சுல ஒண்ணும் இல்ல மாமி. ஆனா அடியில ஒரு பழைய பெயிண்ட் இருக்கு. அதுல எக்கச்சக்கமா இருக்கு."

"அடேயப்பா! எங்க மாமியார் அடிச்ச பச்சைடா அது! சாய்நாத் ஸ்கூல் போக ஆரம்பிச்சப்புறம்தான் அது மேலே நான் வெள்ளை அடிச்சேன். அடியில இருக்கறது எப்படிடா இதுக்குத் தெரியறது?"

ஷ்யாமளா அந்தக் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பூஜை அறையில் வைத்து ஒரு பூப் போடலாமா என்று கூடத் தோன்றியது.

ஷ்ரவண் கீழ்ச் சட்டத்தை விரலால் தடவினான். "இதென்ன மாமி, எலி கடிச்சிருக்கா?"

"எலியா! எங்காத்து சாய்நாத்டா. பல் முளைக்கறச்சே ஓயாம இதைத்தான் கடிச்சுண்டு நிப்பான்..."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மேலே பூசிய வெள்ளைக்கும் அடங்காமல், நாலு குட்டிப் பல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. என்ன கண்டத்திலிருந்து தன் பிள்ளை தப்பித்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"யாரும் சுரண்டாதீங்கோ, தேய்க்காதீங்கோ. அந்தத் தூசி கொழந்தையோட மூளையைக் கெடுத்துடும். அலுங்காம எல்லாத்தையும் கழட்டணும். ஈரத் துணியாலதான் துடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான் ஷ்ரவண்.

அவன் படி இறங்கியதும் சங்கரன் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி மாமி காதுல இது விழவே கூடாது. விழுந்தா கொழந்தையைச் செம்பூர்லேயே வெச்சுண்டுடுவா. அலுமினியம் ஜன்னல் மாத்தறோம், அவ்வளவுதான். சாய்நாத்கிட்டயும் மூச்சு விடாதே."

"பழைய மரம் எடுக்க வர காயலான் கடைக்காரன்கிட்டயாவது சொல்லணுமோன்னோ?"

"சொன்னா அவன் எடுத்துண்டு போவானா? நம்மாத்தை விட்டுத் தொலைஞ்சா சரி!"

தொலைந்தது. புது ஜன்னல் வந்தது, சுவருக்குப் புதுப் பூச்சு வந்தது. ஷ்ரவண் மறுபடி கருவியோடு வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "இனிமே கொழந்தை தரையை நக்கினாலும் பயமில்ல" என்று சான்றிதழே கொடுத்துவிட்டான். ஷ்யாமளா சித்தி விநாயகருக்குத் தேங்காய் உடைத்தாள்.

பேரன் பிறந்தான். அன்னப்பிராசனத்துக்கு நாள் பார்த்து, அன்று காலை மாட்டுங்காவுக்கு முதல்முறையாக வந்தான். கூடவே ஷ்ருதியின் அம்மா பிரேமலதாவும் வந்தாள். அவள் பின்னால் நாலு ஆட்கள் மூச்சிரைக்கத் தூக்கி வந்தது ஒரு தொட்டில்!

தொட்டிலா அது? தேர் மாதிரி இருந்தது. பித்தளைச் சங்கிலி, கால்களில் யாளி, உள்ளே பட்டு மெத்தை, சுற்றிலும் மல்லிகைச் சரம். பூஜைக்கு வந்திருந்தவர்கள் மந்திரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். ஷ்யாமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்மத்தில் இப்படி ஒரு தொட்டிலை அவள் பார்த்ததில்லை. அதில் தன் பேரன் படுக்கப் போகிறான்!

"மாமி, இது ராஜா வீட்டுத் தொட்டில்னா! எங்கே பிடிச்சேள்?"

பிரேமலதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மாஹிம்ல ஒரு ஆன்டிக் கடை. பழைய மரமா வாங்கி அவனே செஞ்சு தரான். இந்தக் காலத்து மரம் எதுவும் கொழந்தை மேல படக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எல்லாம் அந்தக் காலத்து பர்மா தேக்கு."

சாய்நாத் பிள்ளையைத் தொட்டிலில் இறக்கிவிட்டான். பல் முளைக்கிற ஊறல் பேரனுக்கு. வந்ததிலிருந்து அப்பா வாட்ச், அம்மா வளையல், தாத்தா மூக்குக்கண்ணாடி, எது கிடைத்தாலும் வாயில்தான். புரண்டு குப்புற விழுந்தவன், பக்கச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பெயிண்ட் கூட அந்தக் காலத்து ஒரிஜினல்! இப்ப இதுதான் ஃபேஷனாம்" என்று பிரேமலதா மல்லிகைச் சரத்தை ஒதுக்கிக் காட்டினாள். "யாரோ ரசனை கெட்டவா இது மேலே வெள்ளையைப் பூசி வெச்சிருந்தாளாம். அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்து, அடியில இருந்த இந்தப் பச்சையை வெளியில கொண்டு வந்திருக்கான், பாருங்கோ!"

பேரன் சட்டத்தை நோக்கி வாயைத் திறந்தான்.

"ஐயோ!" என்று பாய்ந்து அவனை வாரி எடுத்துக்கொண்டாள் ஷ்யாமளா. பூச்சரம் அறுந்து விழுந்தது. சங்கரன் பதறி ஓடி வந்து, அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

குழந்தை வாய் வைக்கப் போன இடத்தில், பச்சைக்கு நடுவே, வரிசையாக நாலு குட்டிப் பல் தடங்கள்.