நங்கூரத்தை நிறுத்திய பேச்சு

தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே, கடலடி மணலில் ஒரு தொலைபேசிக் கேபிள் படுத்திருந்தது. தீவுக்காரர் பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான் போய் வரும். ஒரு காலையில், பெருங்காற்றில் தள்ளுண்ட கப்பலொன்றின் நங்கூரம் மணலைக் கிழித்துக்கொண்டு அதை நோக்கி வந்தது.

“விலகடா தம்பி. என்ர கொக்கி பட்டால் நீ இரண்டு துண்டு.”

“விலக எனக்குக் காலில்லை, அண்ணை. நீங்கள் கொஞ்சம் நில்லுங்கோ. உள்ளே ஒரு கலியாணப் பேச்சுப் போகுது. தீவிலிருந்து பெண் வீட்டார் கேட்டிட்டினம். அக்கரையில மாப்பிள்ளையின்ர தாய் இப்பத்தான் தொண்டையைச் செருமுறா.”

நங்கூரம் கொக்கியை மணலில் ஆழக் குத்தி நின்றது. கப்பலும் நின்றது.

“அவ ஓமெண்டு சொல்லிட்டாவோ?”

“பொறுங்கோ. இப்ப மழையைப் பற்றிக் கதைக்கிறா.”

“சரி, சரி. இப்ப?”

“மூத்த மருமகளின்ர குறை சொல்லுறா, அண்ணை. அது லேசில முடியாது.”

பின்னேரம் காற்று அடங்கி, மாலுமிகள் சங்கிலியை இழுத்தார்கள். “டேய், கடைசியில என்னடா சொன்னவ?” என்று கேட்டுக்கொண்டே நங்கூரம் மேலே போனது.

“இன்னும் மருமகளிலதான் நிக்கிறா,” என்றது கேபிள்.

தீவில், பெண்ணின் வீட்டில், மாப்பிள்ளையின் தாய் ஓமென்றதைக் கேட்டு, மத்தியானமே கலியாணப் பலகாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.